மச்சியின் பிலிமும் என் மணிக்கூடும்

என் கணவர் மௌத்தான மறுநாள், மகள் என் கையில் கிடந்த காப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். காதிலும் கழுத்திலும் கிடந்தவற்றையும் கழற்றி ஒரு வெள்ளைக் கைலேஞ்சியில் முடிந்தாள். கணவன் இறந்தபின் இத்தா இருக்கும் பெண் நகை போடுவதில்லை. நாலு மாதமும் பத்து நாளும் தேவையில்லாமல் வீட்டைவிட்டு வெளியே போவதில்லை, அந்நிய ஆண்கள் முன்னால் வருவதில்லை. முடிச்சை வைப்பதற்கு அலுமாரியைத் திறந்தவள், கீழ்த்தட்டில் இருந்த பழைய பிஸ்கட் டின்னை நெம்பி, அதற்குள்ளிருந்து ஒரு கைமணிக்கூட்டை எடுத்துத் தூக்கிப் பிடித்தாள். "உம்மா, இது ஆர்ட? நீங்க கட்டி நான் ஒரு நாளும் காணல்லயே?" பெண்கள் கட்டும் சின்ன மணிக்கூடு, அதன் முகம் மஞ்சளித்துப் போயிருந்தது. "எண்டதான். வாப்பா சவுதியில இரிக்கக்குள்ள அனுப்பின. அதையும் அதோட வை" என்றேன். ஏன் கட்டுவதில்லை என்று அவளுடைய வாப்பாவும் ஒரு முறை கேட்டிருக்கிறார். கொளுவி இளகிவிட்டது என்று சொன்னேன். அதை நம்பிக்கொண்டே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

முப்பது வருடம் பெண்பிள்ளைகளுக்கு இரசாயனம் படிப்பித்தவள் நான். சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாது. இந்த அறைக்குள் யன்னலுக்குத் திரை போட்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் ஓதிவிட்டுப் போகிறார்கள். மற்ற நேரமெல்லாம் எனக்கும் நினைப்புக்கும்தான் பேச்சு. அந்த மணிக்கூட்டைக் கண்டதிலிருந்து நினைப்பு கணவரை விட்டுவிட்டு அவருடைய தங்கையிடமே போய் நிற்கிறது. மச்சி மௌத்தாகி மூன்று வருடம். அவளைப் பற்றி நான் யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. அது உண்மையில் என்னைப் பற்றிய விஷயம். சொல்ல வேண்டிய காலத்தில் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

மச்சிக்கும் எனக்கும் வயதில் சில மாதங்கள்தான் வித்தியாசம். ஆனாலும் அவளுடைய காக்காவின், அதாவது அண்ணனின், மனைவி என்பதால் என்னை மதினி என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் நான் என் உம்மா தந்த வீட்டில், கிழக்கிலங்கை மருதமுனையின் உள்பக்கத்தில் இருந்தேன். மச்சியின் வீடு கடற்கரையோரத்தில். மெலிந்த உடம்பு, ஆளுக்குப் பொருந்தாத பெரிய சிரிப்பு. சேலைத் தலைப்பால் முக்காடு போட்டுக்கொண்டு அவள் வேகமாக நடந்து வந்தால், முக்காட்டுக்குள்ளே நெஞ்சோடு ஒரு கமரா இருக்கும். அது என் கணவர் முதல் விடுமுறைக்கு வந்தபோது தனக்கென்று வாங்கி வந்தது. அவர் திரும்பிப் போகும் நாளில் மச்சி அதைக் கையிலிருந்தே வாங்கிக்கொண்டாள். "காக்கா, நீங்க வாறது வருஷத்துக்கு ஒருக்கா. அதுமட்டும் இது இஞ்ச கிடந்து பூஞ்சணம் புடிக்கவா?" என்று கேட்டாள். அவர் உறையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த நாளில் எங்கள் ஊர்க் கலியாணங்களில் ஆண்கள் பக்கத்துக்கு மட்டும்தான் படம். பெண் அறைக்குள் ஸ்டூடியோக்காரர் வர முடியாது. ஒரு பெண்ணே உள்ளே எடுத்தாலும், எடுத்த பிலிமை யார் கழுவுவது என்ற கேள்வி வரும். கடைத்தெரு ஸ்டூடியோவில் கொடுத்தால் இருட்டறையில் இருக்கும் ஆண் எல்லாரையும் பார்ப்பான். அப்படிக் கொடுத்த ஒரு கலியாணத்தில், மணப்பெண்ணின் படம் நன்றாக வந்திருக்கிறதே என்று ஒருவர் அதைப் பெருப்பித்துக் கடைக் கண்ணாடியில் மாட்டிவிட, இரண்டு குடும்பம் இரண்டு வருடம் முகம் பார்க்காமல் இருந்தது. அதனால் பெண்கள் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள்: எடுப்பதும் பெண், கழுவுவதும் பெண். எடுக்கிறவள் மச்சி என்பது தெரிந்ததுதான். கழுவுகிறவள் நான் என்பது எனக்குத் தெரியும் முன்னரே ஊருக்குத் தெரிந்துவிட்டது. "மதினிக்கு மருந்து கலக்கத் தெரியும்தானே" என்று அவளே எல்லாரிடமும் வாக்குக் கொடுத்திருந்தாள். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவளுடன் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் குசினிக்குப் பக்கத்தில், யன்னல் இல்லாத நெல் அறையைக் கூட்டித் துடைத்துத் தயார் செய்தேன். கலர் பிலிமுக்கு மெசின் வேண்டும். எங்களால் முடிந்தது கறுப்பு வெள்ளைதான்.

சில கலியாணங்கள் எடுத்த பிறகு மச்சிக்கு ப்ளாஷ் வெறுத்துவிட்டது. அது மின்னியதும் மணப்பெண் கண்ணை மூடிக்கொள்வாள். மருதாணிக் கை சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துப்போகும். அதோடு, படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்த உடனே பெண்கள் எல்லாரும் சேலையை இழுத்துவிட்டு அடையாள அட்டைக்கு இருப்பது போல விறைத்துக்கொள்வார்கள். உள்ளே மின்னுவதைக் கண்டு வேலிக்கு வெளியே நிற்கும் இளவட்டங்கள் கூவுவது வேறு. இதையெல்லாம் அவள் காக்காவுக்கு எழுதியிருக்கிறாள். அவர், விடுமுறையில் வந்த ஒருவரிடம் இரண்டு பிலிம் சுருளும் எனக்கு ஒரு மணிக்கூடும் கொடுத்துவிட்டார். பிலிம் டப்பியில் மூவாயிரத்து இருநூறு என்று போட்டிருந்தது. நாங்கள் அதுவரை பாவித்ததெல்லாம் நூறு. "மெழுகுதிரி வெளிச்சத்திலும் எடுக்கலாம் என்று கடைக்காரன் சொல்கிறான். பொய்யா மெய்யா என்று எழுது" என்று மச்சிக்கு ஒரு வரி. எனக்கு எழுதியதை இங்கே எழுதத் தேவையில்லை.

அந்த எண் பிலிமின் வேகம் என்றேன். வேகம் என்றால் என்ன என்று மச்சி கேட்டாள். தூறல் மழைக்குள் ஒரு சிரட்டையையும் ஒரு கிடாரத்தையும் வைத்தால் எதில் அதிகம் துளி விழும் என்று நான் கேட்டேன். பிலிமில் பூசியிருக்கும் வெள்ளி உப்பின் மணிகளும் அப்படித்தான். மணி பெரிதென்றால் கொஞ்ச வெளிச்சமும் தப்பாமல் அதில் விழும். ஆனால் மணி பெரிதென்றால் படத்தில் அது கண்ணுக்கும் தெரியும். முதல் சுருளைச் சாய்ந்தமருதில் ஒரு கலியாண வீட்டில் எடுத்தாள். பின்னேரம், பாதி சாத்திய யன்னலின் வெளிச்சம் மட்டும்தான் அந்த அறையில். மூலையில் குந்திக்கொண்டு எடுத்திருக்கிறாள், யாருக்கும் தெரியவில்லை. குரவை போடும் ஒரு பெண்ணின் நாக்கு, தாலி கட்டும் நேரத்தில் அழுகை வெளியே கேட்டுவிடாமல் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நிற்கும் மணப்பெண்ணின் உம்மா, கூட்டத்தின் நடுவே தனக்குள் சிரிக்கும் மணப்பெண் என்று, நாங்கள் அதுவரை படத்தில் காணாத முகங்கள் எல்லாம் வந்திருந்தன. எனக்கோ முதலில் பிடிக்கவில்லை. "என்ன மச்சி, மணலை அள்ளிக் கொட்டின மாதிரி இரிக்கி" என்றேன். "மணல்தான் மதினி. கடக்கரை ஊர்ல வேற என்னத்தக் கொட்டுற?" என்று சிரித்தாள். இரண்டு நாள் கழித்து அந்த உம்மாவின் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மணல் தெரியவில்லை. அவளைத்தான் கண்டேன். அன்றிலிருந்து எனக்கும் அந்தப் படங்களில் ஆசை வந்துவிட்டது.

மிஞ்சிய ஒரு சுருளை மச்சி கண்ணுக்குள் வைத்துக் காத்தாள். அது சண்டைக் காலம்; மாதக்கணக்காக மின்சாரம் இல்லை. வேக பிலிம் சூட்டில் கெட்டுப்போகும் என்று நான் சொன்னதால், இரண்டு பொலித்தீனில் சுற்றி, தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் ஈர மணல் நிரப்பிய சட்டிக்குள் புதைத்து வைத்திருந்தாள். இன்னொன்றும் சொல்லியிருந்தேன். கொஞ்ச வெளிச்சத்தைப் பிடிக்கிற பிலிம் வேண்டிய வெளிச்சம், வேண்டாத வெளிச்சம் என்று பார்க்காது. நூறு பிலிமுக்குப் போதுமான இருட்டு இதற்குப் போதாது. அதைச் சொன்னது நான். மறந்ததும் நான்தான்.

அந்தப் பிலிமுக்கு வேலை வந்தது ஒரு கலியாண வீட்டிலிருந்தல்ல. சாய்ந்தமருதில் ஒரு இளம் குடும்பம். சம்மாந்துறைக்கு அப்பால் வயல் பக்கத்து உறவினர் வீட்டிலிருந்து உழவு மெசினுக்குப் பின்னால் பூட்டிய பெட்டியில் திரும்பி வரும் வழியில் கண்ணிவெடி. ஓட்டிக்கொண்டிருந்த கணவன் அந்த இடத்திலேயே மௌத்து. பெட்டியில் இருந்த மனைவிக்குத் தலையில் அடி. அவள் மடியில் இருந்த ஏழு மாத ஆண்பிள்ளையின் வலது கண்ணுக்குள் ஒரு இரும்புத் துகள். வெளியே பார்த்தால் கண் சிவந்திருப்பது மட்டும்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்: கொழும்புக்குக் கொண்டுபோங்கள், நாள் பிந்தக் கூடாது, பிந்தினால் கண் போய்விடும். பால் குடிக்கிற பிள்ளை. உம்மா இல்லாமல் கொண்டுபோக முடியாது. அவசரத்துக்கு இத்தாவிலும் வெளியே போகலாம் என்று மௌலவியும் சொல்லிவிட்டார். ஆனால் வழியெல்லாம் சோதனைச் சாவடி, அவளிடமோ அடையாள அட்டை இல்லை. இரண்டு பேருடைய அட்டையும் கணவனின் சட்டைப் பையில் இருந்து அவனோடு எரிந்துவிட்டன. படம் ஒன்று கொண்டுவந்தால் அதைக் கடிதத்தில் ஒட்டி முத்திரை குத்தித் தருகிறேன், அது போதும் என்று கிராம சேவகர் சொன்னார். ஆக, பிள்ளையின் கண்ணுக்கும் கொழும்புக்கும் இடையில் இருந்தது ஒரு படம்.

அந்தப் படம் எடுக்க முடியாமல் இருந்தது. தலையில் பட்ட அடியில் அவளுக்கு வெளிச்சம் ஆகாமல் போய்விட்டது. கதவைத் திறந்தால் கண்ணைப் பொத்திக்கொண்டு முனகுவாள். வேறு வழியில்லாமல் ஸ்டூடியோக்காரர் ஒருவரைத் திரைக்கு அப்பால் நிற்கவைத்து எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். ப்ளாஷ் மின்னியதுதான் தாமதம், வெடி கேட்டது போல ஒரு கத்துக் கத்தி, கையும் காலும் இழுத்துக்கொண்டதாம். இனி இவளுக்கு முன்னால் எதுவும் மின்னக் கூடாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவளுடைய நானா, கூடப்பிறந்த மூத்தவர், கரைவலை இழுக்கிறவர், மச்சியைத் தேடி வந்து வாசலில் நின்று, "தங்கச்சி, வெளிச்சம் இல்லாம எடுக்கிற ஒரு சாமான் உங்களிட்ட இரிக்காமே" என்று கேட்டார். மச்சி அப்பொழுதே மணல் சட்டியைக் கிளறினாள்.

நானும் கூடப் போனேன். அறைக்குள் ஓட்டுக்கு நடுவே ஒரு கண்ணாடி ஓடு. அதையும் பன்பாயால் மூடியிருந்தார்கள். வெள்ளைச் சேலையோடு அந்தப் பெண் சுவரில் சாய்ந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். இருபது வயதுகூட இருக்காது. மச்சி பன்பாயை நாலு விரல் அளவுக்கு விலக்கச் சொன்னாள். வெளிச்சம் எதிர்ச் சுவரில் விழுந்து அங்கிருந்து லேசாக அவள் முகத்துக்கு வந்தது. பிறகு அவள் முன்னால் உட்கார்ந்து, பிலிம் போடாத கமராவின் விசையைப் பலமுறை அழுத்திக் காட்டினாள். "கேளு புள்ள. இவ்வளவுதான். டக்கெண்டு ஒரு சத்தம். மின்னாது." "மெய்தானா ராத்தா?" "அல்லாஹ் மேல ஆணை, மின்னாது." அந்தப் பெண் அந்தச் சத்தத்துக்குப் பழகும் வரைக்கும் அரை மணித்தியாலம் மச்சி அப்படியே இருந்தாள். பிறகு பிலிமைப் போட்டாள். அந்தப் பெண் நிமிர்ந்து, கண் திறந்து, நேராகப் பார்த்தாள். ஏழெட்டுப் படம். எல்லாம் முடிந்தது என்று மச்சி சொன்னதும் அந்தப் பெண் குனிந்து பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை அவள் முகத்தைப் பார்த்தது. அதற்கும் ஒரு டக் கேட்டது.

கழுவுவதற்கு நான் நெல் அறைக்குள் போனேன். கதவின் இடுக்கில் போர்வை அடைத்து, வெளியே மச்சி காவல் இருந்தாள். முழு இருட்டில் டப்பியை உடைத்து, பிலிமின் நுனியைச் சக்கரத்தில் கொளுவி, சுற்றி, டாங்கிக்குள் போட்டு மூட வேண்டும். அதற்குப் பிறகு வெளிச்சத்தில் வேலை பார்க்கலாம். எத்தனையோ தடவை செய்த வேலை. அன்று நுனி கொளுவப்படாமல் நழுவிக்கொண்டே இருந்தது. என் இடது மணிக்கட்டில் அவர் அனுப்பிய மணிக்கூடு. அதன் முட்களில் பச்சையாக ஒரு பூச்சு; எந்த வெளிச்சமும் இல்லாமல் தானாகவே ஒளிரும். கணவர் கடலுக்கு அப்பால் இருக்க, மின்சாரமும் இல்லாத வீட்டில், இரவில் அதைப் பார்த்துக்கொண்டு படுப்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஒரு நாளும் கழற்றியதில்லை. அந்த இருட்டறையிலும், நேரம் பார்க்கத்தானே வேண்டும் என்று அது கையிலேயே இருந்தது. ஏழெட்டு நிமிடம், அந்த இரண்டு பச்சைக் கோடுகளுக்குப் பக்கத்தில் நான் அந்தப் பிலிமின் நுனியைப் பிடித்துத் தடவிக்கொண்டு நின்றேன். நூறு பிலிம் என்றால் ஒன்றும் ஆகியிருக்காது. முன்பு கழுவிய வேக பிலிமும் ஒரு நிமிடத்தில் சுற்றி மூடியதால்தான் தப்பியிருந்தது.

கழுவி எடுத்து யன்னலில் பிடித்தபோது, நெகட்டிவின் முன்பகுதி முழுக்கக் கரிப் புகை. அவள் நேராகப் பார்த்த படங்கள் ஒன்றும் இல்லை. சுருளின் உள்ளே போகப் போகப் புகை குறைந்து, கடைசிப் படம் மட்டும் ஓரத்தில் கறுப்போடு தப்பியிருந்தது. அதில் அவள் குனிந்திருந்தாள். முக்காடு பாதி முகத்தை மறைத்திருந்தது. கடிதத்துக்கு உதவாது. மச்சி நெகட்டிவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். வாசலில் அந்த நானா படத்துக்குக் காத்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "எண்ட பிழை நானா. கமராட மூடிய நான் சரியா இறுக்கல்ல. வெளிச்சம் புகுந்திட்டு" என்றாள். நான் அவளுக்குப் பின்னால்தான் நின்றேன். வாயைத் திறந்திருக்கலாம். இரசாயன டீச்சர் என்ற பெயரும், அந்த மனிதரின் முகமும் சேர்ந்து என் வாயைக் கட்டிவிட்டன. அவர் ஒன்றும் ஏசவில்லை. "இன்னொண்டு எடுக்கேலாதா?" என்று மட்டும் கேட்டார்.

எடுப்பதற்குப் பிலிம் இல்லை. கடையில் கிடைத்த நூறு பிலிமைப் போட்டு எடுத்துப் பார்த்தோம். இருட்டில் ஒரு வெள்ளைச் சேலை மட்டும் விழுந்தது. கல்முனையில் ஒரு கடை விடாமல் மச்சி ஏறி இறங்கினாள். மட்டக்களப்பில் பத்திரிகைக்குப் படம் எடுக்கிற ஒருவர் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டாள். வீதி மூடியிருந்தது. திறக்கும், மறுபடி ஊரடங்கு விழும். வீதி திறந்த ஒரு காலையில் தன் கணவனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டாள். ப்ளாஷ் அடித்தால் தன்னை நோக்கிச் சுடுவார்கள் என்பதால் இந்தப் பிலிம் இல்லாமல் தனக்குத் தொழிலே இல்லை என்று அந்த மனிதர் சொன்னாராம். கதையைக் கேட்டபிறகு, தேநீர் பிளாஸ்க்குக்குள் குளிராக வைத்திருந்த கடைசிச் சுருளை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவள் திரும்பி வந்தபோது முதல் படம் எடுத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

இரண்டாவது முறையும் அந்தப் பெண் நேராகப் பார்த்தாள். இரண்டாவது முறையும் நான்தான் கழுவ வேண்டும். நெல் அறை வாசலில் மச்சி என் இடது கையைப் பிடித்து நிறுத்தினாள். கொளுவியைக் கழற்றி, மணிக்கூட்டைத் தன் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். "இத நான் வெச்சிருக்கன் மதினி. நீங்க போங்க." அவ்வளவுதான். அவளுக்குத் தெரியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முதல் நாளே, என்னைப் பார்த்த அந்தப் பார்வையிலேயே தெரிந்திருக்கிறது. இருட்டறைக்குள் நின்று அழுதுகொண்டே பிலிமைச் சுற்றினேன். படம் வந்தது, கடிதம் வந்தது. கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டிக்கொண்டு அந்தப் பெண் பிள்ளையோடு கொழும்புக்குப் போனாள்.

பிள்ளையின் வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். முந்தி வந்திருந்தால் தப்பியிருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று அங்கே சொன்னார்களாம். அந்த "நிச்சயமாகச் சொல்ல முடியாது" என்பதைப் பிடித்துக்கொண்டு நான் இத்தனை வருடம் காலம் தள்ளியிருக்கிறேன். ஊரில் மச்சியைத்தான் சொன்னார்கள். "கமராவ மூடத் தெரியாதவ ஏன் எடுக்கப் போன?" என்று ஒரு கலியாண வீட்டில் அவள் காதுபடவே ஒருத்தி கேட்டாள். மச்சி சிரித்துக்கொண்டே, "அதானே" என்றாள். நான் அந்த இடத்திலும் இருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை. மணிக்கூட்டை அவள் மறுநாளே திருப்பித் தந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் மௌத்தாகும் நாள் வரைக்கும் எங்களுக்குள் அந்தப் பேச்சு வரவே இல்லை. அதை அவளுடைய பெருந்தன்மை என்று சொல்லிவிடலாம். எனக்கோ சில நாட்களில் அவள் மேல் கோபம்கூட வந்திருக்கிறது. ஒரு தரம் என்னை ஏசியிருந்தால், நானும் சொல்லித் தீர்த்திருப்பேன்.

சுனாமியில் மச்சியின் வீடு கமராவோடு போனது. அவள் தப்பினாள். சாய்ந்தமருதில் அந்தப் பெண் தப்பவில்லை. கழுவியவள் நான் என்பதால் நெகட்டிவ்கள் எல்லாம் என் வீட்டில் பிஸ்கட் டின்னில் இருந்தன. கடல் என் வீட்டு வரைக்கும் வரவில்லை. மணிக்கூட்டையும் அதற்குள்ளேதான் போட்டு வைத்திருந்தேன்.

போன வாரம், இத்தாவின் நாற்பத்தோராம் நாள், என்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று ஒருவர் வந்திருப்பதாக மகள் சொன்னாள். சாய்ந்தமருதில் இருந்து வந்திருந்தார். அறை வாசலில் கட்டிய திரைக்கு அப்பால் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. ஸலாம் சொல்லி, கணவருக்காகத் துஆச் செய்துவிட்டு, தான் யார் என்று சொன்னார். அந்த ஏழு மாதப் பிள்ளை. இப்போது அரிசி மில்லில் வேலை. இரண்டு பிள்ளைகளுக்கு வாப்பா. "டீச்சர், உம்மாட படம் ஒண்டும் எங்களிட்ட இல்ல. எல்லாம் கடலோட போயிட்டு. எனக்கு அவட முகம் மறந்துக்கிட்டுப் போகுது. எண்ட கண்ணுக்காக ஒரு படம் எடுத்தெண்டு மாமா சொல்லுவாரு. அந்தப் படம் எடுத்தவங்க மௌத்தாம். கழுவினது நீங்கதானாம். ஏதும் இரிக்குமா?"

மகள் டின்னை எடுத்து வந்தாள். நான் நெகட்டிவ்களைத் தேடிக் கொடுக்க, அவள் யன்னல் திரையைச் சற்று விலக்கி, கைத்தொலைபேசியால் ஒன்றைப் பிடித்தாள். ஏதோ ஒரு இடத்தைத் தட்டினாள். கறுப்பு வெள்ளையாகி, வெள்ளை கறுப்பாகி, அந்தப் பெண் நேராகப் பார்த்தாள். நாங்கள் ஒரு நாள் முழுக்கச் செய்த வேலை. இந்தத் தொலைபேசி இருட்டிலும் படம் எடுக்கிறது. மணலும் இல்லை, மருந்தும் இல்லை. மகள் அதைத் திரைக்கு அப்பால் நீட்டினாள். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அல்ஹம்துலில்லாஹ். இவதான். இது போதும் டீச்சர்" என்றார்.

போதும் என்று நானும் விட்டிருக்கலாம். மச்சி இல்லை, என் கணவர் இல்லை, வந்தவருடைய உம்மாவும் இல்லை. நடந்ததைத் தெரிந்தவர் என்று இந்தப் பூமியில் என்னைத் தவிர யாரும் இல்லை. என் கையில் முதல் சுருளின் நெகட்டிவ் துண்டு இருந்தது. "மகன், எழும்பாதீங்க. இன்னொண்டு இரிக்கி" என்றேன். திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். நெல் அறை, நழுவிய நுனி, பச்சை முட்கள், ஒன்பது நாள், மச்சி ஏற்றுக்கொண்ட பழி, எல்லாவற்றையும். "உங்கட கண்ணுக்கு வந்த தாமதம் அவட பிழையில்ல. எண்ட பிழை. அவ எனக்காகப் பொய் சொன்ன. நான் பேசாம இருந்திட்டன்." என் மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தத் துண்டை மகளிடம் கொடுத்தேன். அவள் அந்தக் கடைசிப் படத்தையும் பிடித்து, திருப்பி, அவரிடம் நீட்டினாள். ஓரத்தில் வெள்ளைப் புகை, நடுவில் குனிந்த ஒரு பெண், மடியில் அவளை அண்ணாந்து பார்க்கும் பிள்ளை. முழுவதும் மணல்.

அவர் கோபமாக எழும்பிப் போவார் என்றும், மன்னித்தேன் என்று சொல்வார் என்றும் இரண்டையும் எதிர்பார்த்திருந்தேன். இரண்டும் நடக்கவில்லை. படத்தோடு கதைப்பது போல மெதுவாகச் சொன்னார்.

"டீச்சர், இதில எனக்கு ரெண்டு கண்ணும் இரிக்கி."

அவர் போன பிறகு, பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அந்த மணிக்கூட்டைக் கேட்டு வாங்கினேன். யன்னல் திரையை நன்றாக இழுத்துவிட்டு, கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் போர்வையை வைக்கச் சொன்னேன். கண் பழகும் வரைக்கும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். மணிக்கூட்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். அந்தப் பூச்சுக்கு அவ்வளவுதான் ஆயுள். முட்கள் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை. அறைக்குள் துளி வெளிச்சம் இல்லை. அன்று இருந்திருக்க வேண்டிய இருட்டு அது.